மூடுகல்

பானை பொங்கியதும் சுகந்தி வாயைத் திறக்க வேண்டும். அதுவரை பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, எதிரே இருக்கும் அந்தக் கல்லைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். விறகு ஈரம், புகைகிறதே தவிர எரியவில்லை. அவசரமில்லை, நிதானமாகவே எரி என்று அடுப்பிடம் மனசுக்குள் சொன்னாள், சொன்ன கையோடு சாமி குத்தமாகிவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நவநீதன் வீட்டுக் குலதெய்வத்துக்கு இப்படி ஒரு முறை. பெண் குழந்தையோ ஆண் குழந்தையோ, முதல் மொட்டை போடுவதற்கு முன்னால், பெற்றவள் ஆத்தாவின் கதையைக் கூட்டத்துக்கு நடுவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி சொல்ல மாட்டார், ஆண்கள் சொல்ல மாட்டார்கள், இந்த வீட்டில் பிறந்த பெண்களும் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து வந்த மருமகள்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அன்றிலிருந்து அவள் இந்த வீட்டுக்காரி. அப்படியென்றால் இத்தனை நாள் நான் யார் என்று நவநீதனிடம் கேட்டபோது அவன் சிரித்தான், சும்மா ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு வந்துரு, உனக்கென்ன, ஸ்கூல்ல பேச்சுப் போட்டியில கப்பு வாங்கினவ தானே என்றான். வாங்கினவள்தான். சிஸ்டர் ஆரோக்கியம் சொல்லிக் கொடுத்தபடி தோளைத் தளர்த்தி, கடைசிச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, மூச்சை அடிவயிற்றில் பிடித்து. இங்கே கடைசிச் சுவர் இல்லை. தகரக் கொட்டகை, அதற்கப்பால் அறுத்த சோளக்காடு, அதற்கப்பால் வேனும் காரும், அப்புறம் வானம்தான். பாப்பாவின் உச்சந்தலையில் துடிப்பு தெரிகிறது. மொட்டை போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். அத்தனை மெல்லிசாக ஏன் செய்து அனுப்பினாய் என்று யாரைக் கேட்பது.

கதை ஒன்றும் நீளமில்லை. அத்தை, நவநீதனைப் பெற்றவள், சுகந்திக்கு மசக்கை நின்ற நாளிலிருந்து வாட்ஸப்பில் குரலாக அனுப்பி அனுப்பி மனப்பாடம் பண்ண வைத்துவிட்டாள். பாவாயி, அண்ணன்மார் நாலு பேருக்கு ஒரே தங்கச்சி. மழை பொய்த்தது, மாடு மடிந்தது, குடும்பம் அழியப் போகிறது என்று தெரிந்தது. தானே தலை முழுகினாள், தானே மஞ்சள் பூசினாள், தானே பூ வைத்தாள். சிரித்த முகத்தோடு சோளக்குழியில் இறங்கினாள். தானே மூடிக்கொண்டாள். சாமியானாள். அவ்வளவுதான். பல் விளக்குகிற நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தை பிசகினால் மடியில் இருக்கிற குழந்தைக்கு வாய் வராது. இதை அத்தை மிரட்டலாகச் சொல்லவில்லை, பாலைக் காய்ச்சாமல் குடுத்தா வயித்தால போகும் என்கிற மாதிரித்தான் சொன்னாள். ஆதாரமும் இருக்கிறது, அதோ தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறாரே, சாமியப்பன். நரைத்த மீசை. அவரைப் பெற்றவள் ஈரோட்டுக்காரி, கதை சொல்லும்போது ஒரு வார்த்தையை மாற்றிவிட்டாள், பிள்ளை ஊமையாகிப் போனான். எந்த வார்த்தை என்று சுகந்தி கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. காலையில் வந்து இறங்கியதும் அவளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டது சாமியப்பன்தான், சிரித்துக்கொண்டே பாப்பாவின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முதுகுக்குப் பின்னாலேயே எவர்சில்வர் அண்டா விழுந்து உருண்டது. கொட்டகையே திரும்பிப் பார்த்தது, அவர் மட்டும் திரும்பவில்லை. காது கேட்காது. பிறவியிலேயே கேட்டிருக்காது. காது கேட்காத பிள்ளை எப்படிப் பேசும், எந்த டாக்டரும் சொல்வானே, அந்தத் தாய் சாகிற வரைக்கும் தன் நாக்கைத்தான் நொந்துகொண்டிருந்திருப்பாள். இது சுகந்திக்குத் தெளிவாகத் தெரிகிறது. தெரிந்தும் கை பாப்பாவின் உதட்டைத் தடவுகிறது, ஏதாவது சத்தம் போடு தங்கம், ங்கா சொல்லு, தூங்காதே. பாப்பா தூங்கிக்கொண்டிருக்கிறாள். பால் நாற்றம் அடிக்கிற வாய், மேலுதட்டில் ஒரு சின்னக் கொப்புளம், குடித்துக் குடித்து வந்தது.

வேனில் வரும்போது கலாமணி அண்ணி, நவநீதனின் அக்கா, போனில் கொலைக் கதை வைத்திருந்தாள். வழிநெடுக அதே குரல். தேன் தடவின ஆம்பளைக் குரல், பின்னால் மெல்லிசாக ஒரு வயலின். அன்னைக்கு மட்டும் அந்தப் பொண்ணு அந்தக் கதவைத் திறக்காம இருந்திருந்தா, என்று ஆரம்பிப்பான். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பான். திறக்காமல் இருந்திருந்தால், போனை எடுக்காமல் இருந்திருந்தால், அந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தால். சுகந்திக்கு அந்தக் குரல் புதுசில்லை. பாப்பா பிறந்த பிறகு, பால் கொடுக்கிற நேரமெல்லாம் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்கிறாள். நவநீதன் ஒரு நாள் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் பால் குடுக்கும்போது கேக்கற கதையா இது என்றான். அவனுக்கு என்ன தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக நினைவில் வைத்தால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்கு ஒரு கணக்கு. கதவைத் திறக்காதே, லிஃப்டில் தனியாக ஏறாதே, தெரிந்தவன் என்று நம்பாதே, தெரியாதவனிடம் பேசாதே, அதிகம் சிரிக்காதே, முறைக்காதே, அவனுக்குக் கோபம் வருகிற மாதிரி வேண்டாம் என்று சொல்லாதே, சரி என்றும் சொல்லாதே. பாப்பாவை இதற்குள் எந்த இடத்தில் நிறுத்துவது. எந்த இடத்திலும் நிற்க முடியாத கோலம் அது. வேனில் அண்ணி போனைத் தூக்கிக் காட்டி, பாரு சுகந்தி, எம்புட்டு லட்சணமா இருக்கா, இவளுக்கு எதுக்கு இந்த வேலை என்றாள், செத்தவளைப் பார்த்து. சுகந்தியும் ஆமாங்கண்ணி என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகு, சின்ன வயசில் பள்ளிக்கூட வராந்தாவில் மாட்டியிருந்த அந்தப் படம் எங்கிருந்தோ வந்து நின்றது. கையில் லில்லிப் பூவோடு ஒரு சிறுமி, புனிதை. தப்புக்கு இணங்காமல் கத்திக்குத்து வாங்கிச் செத்தாளாம், சாகும்போது அவனை மன்னித்தாளாம். மாரல் சயின்ஸ் வகுப்பில் சிஸ்டர் அந்தக் கதையைச் சொல்லும்போது பாதிப் பிள்ளைகள் அழுவார்கள். சுகந்தி கையைத் தூக்கி, குத்தினவனை யார் சிஸ்டர் வளத்தது என்று கேட்டாள். ஏழாவதோ எட்டாவதோ படித்தாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிஸ்டர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, நல்ல பெண் பிள்ளைகள் அதையெல்லாம் யோசிக்க மாட்டார்கள் என்றார், மணி அடிக்கும் வரை வராந்தாவில் முட்டி போட வைத்தார். சிமெண்டுத் தரை. முட்டியில் மணல் பதிந்து பதிந்து குழியானது. அன்றைக்கு மூடின வாய்தான். அப்புறம் கப்பு கப்பாக வாங்கினாள், எல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து.

தானே மூடிக்கொண்டாள். இந்த வரியில்தான் ஒவ்வொரு தடவையும் கால் இடறுகிறது. இடறும் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று ஜாக்கெட் கொக்கியை மாட்டிவிடும்போது காதோரமாகச் சொன்னாள், அந்த எடத்துல தொண்டை கட்டும் கண்ணு, எனக்கும் கட்டுச்சு, எச்சிலை முழுங்கிட்டு அடுத்த வரிக்குப் போயிரோணும். காலையில் பெரிய மாமா, அதாவது மாமனாருக்கு அண்ணன் முறையாகும் பங்காளி வீட்டுப் பொன்னுசாமி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கல்லைக் காட்டினார். ஆத்தாவுக்குச் சிலை கிடையாது, இந்தக் கல்தான் ஆத்தா. சதுரமான கருங்கல், மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிப் பளபளப்பாகக் கறுத்துப் போயிருந்தது. இதுக்குக் கீழதான் குழி, அம்மிணி, என்றார் பெரிய மாமா, பெருமையாக. சோளக்குழிக்கு வாய் சிறுசு, வயிறு பெருசு, ஆள் இறங்கினா உள்ளுக்குள்ள நின்னுக்கலாம், மூடினா எறும்பு போகாது, காத்துப் போகாது, வருசக் கணக்கா சோளம் கெடாது. இந்தக் கல்லு எவ்வளவு கனம்னு நெனைக்கறீங்க, எங்க அய்யன் காலத்துல ஒருக்கா நகர்த்திப் பாக்கலாம்னு வந்தாங்க, நாலு ஆம்பளை மூச்சைப் புடிச்சாத்தான் அசையும். அவர் அடுத்ததைச் சொல்லப் போய்விட்டார், கொட்டகைக்குத் தகரம் போட்ட கதையை. சுகந்தி அங்கேயே நின்றுவிட்டாள். குழிக்குள் நிற்கிற ஒரு பெண் தலைக்கு மேலே கையைத் தூக்கினால் விளிம்பு எட்டலாம், எட்டாமலும் போகலாம். இந்தக் கல்லை எப்படி இழுத்து மூடுவாள். எதைப் பிடித்து. இது கஷ்டமான கேள்வியே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். இத்தனை வருஷமாக இத்தனை மருமகள்கள் இந்தக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து, இதே வரியைச் சொல்லி, எச்சிலை முழுங்கி, இந்த வீட்டுக்காரி ஆகியிருக்கிறார்கள். ஏன் வெளியிலிருந்து வந்தவள்தான் சொல்ல வேண்டும் என்பது இப்போது புரிகிற மாதிரி இருந்தது. செய்தவர்கள் வீட்டுப் பெண் சொன்னால் அது வாக்குமூலமாகிவிடும். வந்தவள் சொன்னால் கதை.

அடுப்பு பற்றிக்கொண்டது. யாரோ காய்ந்த பனமட்டையைச் செருகியிருக்கிறார்கள், பானைக்கு அடியில் படபடவென்று சத்தம். அண்ணன் கொட்டகை ஓரமாக நிற்கிறான், அவளுடைய சொந்த அண்ணன், தாய்மாமன் முறைக்குத் தோடும் புதுத் துணியும் கொண்டுவந்திருக்கிறான். கதை முடிந்ததும் பாப்பா அவன் மடிக்குப் போவாள், அங்கேதான் மொட்டை. நல்லவன்தான். வாரத்துக்கு ரெண்டு தடவை வீடியோவில் கூப்பிட்டு பாப்பாவுக்கு விசில் அடித்துக் காட்டுவான். பன்னிரண்டாவது படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு அவள் நின்று பேசியதை யாரோ சொல்லி, அவன் அவளை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டான். ஒரு வாரமோ, பத்து நாளோ. சாப்பாடு மட்டும் உள்ளே வரும். தாழ்ப்பாள் இரும்பு, இழுக்கும்போது ஒரு கீச்சு, விழும்போது ஒரு டக். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான், நிஜமாகவே அழுதுகொண்டு சொன்னான். அதுகூட அவளுக்கு மறந்துவிட்டது, மன்னித்தும் ஆகிவிட்டது, அந்த லில்லிப் பூப் புனிதை மாதிரி. மறக்காதது வேறு. பக்கத்து வீட்டக்கா வந்து, எங்க சுகந்தியைக் காணோம் என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, பரீட்சை வருதில்ல, யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அவளே கதவைச் சாத்திக்கிட்டா என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து சுகந்தி அதைக் கேட்டாள். அவளே சாத்திக்கிட்டா. அந்தக்கா, நல்லா படிக்கற புள்ள என்று மெச்சிவிட்டுப் போனாள். கத்தியிருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை, ஏனென்றால் அம்மா சொன்னதைக் கேட்டதும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நாமே சாத்திக்கொண்டோமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. பாவாயிக்கும் அப்படித் தோன்றியிருக்குமா. இருட்டில், சோள வாசனையில், மேலே மண் பூசுகிற சத்தம் கேட்கும்போது. இல்லை. அவள் கத்தியிருப்பாள். சுகந்திக்கு அது தெரியும். எதற்காகச் செய்தார்கள் என்பது தெரியாது. கொலைக் கதை சொல்கிற அந்த வயலின் குரல்காரனாக இருந்தால் ஒரு காதலனைக் கொண்டுவந்திருப்பான், அவள் செய்த ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்திருப்பான். அது சுகந்திக்கு வேண்டாம். பாவாயி என்ன செய்திருந்தாலும் சரி, ஒன்றுமே செய்யாவிட்டாலும் சரி, கல் மேலேதான் இருந்தது, மூடினவர்களும் மேலேதான் இருந்தார்கள்.

பால் நுரைக்கிறது. மேளக்காரர் தோலைத் தட்டிப் பார்க்கிறார். நாலு வீட்டு ஆண்களும் வந்துவிட்டார்கள், வேட்டியை மடித்துக் கட்டி, ஆளுக்கொரு மூலையில். இதுவும் முறை. அண்ணன்மார் நாலு பேரின் வழிவந்த நாலு வீடு, கதை சொல்லும்போது அவரவர் மூலையை அவரவர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாமனார் போன வருஷம் தவறிவிட்டதால் இந்த வீட்டு மூலைக்கு நவநீதன். முதல் தடவை என்பதால் தடுமாறினான், நின்றபடி உள்ளங்கையைக் கல்மேல் வைத்தான், சாமியைத் தொடுகிற மாதிரி. அப்பிடி இல்லடா, என்று பெரிய மாமா திருத்தினார், குனி, காலை அகட்டி வை, ரெண்டு கையையும் அடியில குடு. நவநீதன் குனிந்தான். நாலு பேரும் குனிந்திருக்கிறார்கள். விரல்கள் விளிம்புக்கு அடியில், கட்டை விரல் மேலே, முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து. யாரும் எந்தச் சாமியையும் இப்படிக் கும்பிட்டு சுகந்தி பார்த்ததில்லை. பீரோவைத் தூக்குகிறவர்கள் இப்படி நிற்பார்கள். வாய் என்ன கதை சொன்னாலும் உடம்புகள் மறக்கவில்லை. அப்பன் மகனுக்குக் காட்டி, அவன் தன் மகனுக்குக் காட்டி, காலை அகட்டு, கையை அடியில் கொடு என்று கொலையைப் பிசகில்லாமல் கையளித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், கும்பிடுகிறோம் என்று நம்பிக்கொண்டு. நாளைக்கு இந்த மடியில் ஒரு பையன் இருந்தால் அவனும் அந்த மூலைக்குப் போவான். இருக்கிறவள் பெண். அவள் எங்கே போவாள், கல்லுக்கு மேலேயா, கீழேயா. அத்தை நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முந்தானையைக் கையில் சுருட்டி வைத்திருக்கிறாள். அது எதற்கென்று சுகந்திக்குத் தெரியும், முன்பே சொல்லியிருக்கிறாள். மேளம் அடிக்கும்போது குழந்தை முழித்துக்கொள்ளும், ஆனால் கல்லைத் தொட்டிருக்கும்போது அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது, ஆத்தாவுக்கு ஆகாது, நான் வாயை லேசாப் பொத்திக்குவேன் நீ சொல்லிக்கிட்டே போ. ஆத்தாவுக்கு ஆகாதாம். யாருக்கு ஆகாது. எந்த அழுகை அது, எந்த மேளம். மூச்சு அடிவயிற்றில் நிற்கமாட்டேன் என்கிறது. சொல்லிவிடு, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடு. ஒரு வார்த்தை பிசகி, பாப்பாவுக்கு வாய் வராமல் போனால், நிஜமாகவே போனால், ரெண்டு வயசாகி மூணு வயசாகி அம்மா என்று சொல்லாவிட்டால், டாக்டர் என்ன சொன்னாலும் இந்தக் கொட்டகைதானே நினைவுக்கு வரும், ஒவ்வொரு நாளும், ஈரோட்டுக்காரிக்கு வந்த மாதிரி. ஈரோட்டுக்காரி எந்த வரியில் பிசகினாள் என்று இப்போது சுகந்திக்குச் சந்தேகமில்லை. பிசகவும் இல்லை அவள். பயமாக இருக்கிறது. பயத்தோடேதான் சொல்ல முடியும் போலிருக்கிறது, பயம் போன பிறகு சொல்லலாம் என்றிருந்தால் முட்டியில் மணலோடு இன்னும் அந்த வராந்தாவிலேயே இருக்க வேண்டியதுதான். பால் விளிம்புக்கு வந்தது, ஒரு கணம் பிதுங்கி நின்றது, வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்றது கூட்டம். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

பாவாயி, அண்ணன்மார் நாலு பேருக்கு ஒரே தங்கச்சி, என்று ஆரம்பித்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, சிஸ்டர் கேட்டால் மெச்சுவார். மழை பொய்த்தது, மாடு மடிந்தது. குடும்பம் அழியப் போகிறது என்று தெரிந்தது. மேளம் மெல்ல ஆரம்பித்துச் சூடு பிடித்தது. பாப்பாவின் கண் இமைக்குள் உருண்டது. சோளக்குழியில் இறங்கினாள் என்ற இடம் வந்தது, தானே பூ வைத்ததையும் சிரித்த முகத்தையும் சொல்லித் தாண்டித்தான் வந்திருக்கிறோம் என்பது வந்த பிறகே அவளுக்குத் தெரிந்தது. தொண்டை கட்டியது. அத்தை சொன்ன மாதிரியே கட்டியது. எச்சிலை முழுங்கினாள். கடைசிச் சுவர் இல்லை, அதனால் நவநீதனின் கைகளைப் பார்த்தாள், கல்லுக்கு அடியில் இருந்த அந்த விரல்களை, பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தலையைத் தாங்குகிற விரல்கள்.

"அவ மூடிக்கல. உள்ள இருந்து இந்தக் கல்லை மூட முடியாது. நாலு பேரு நாலு மூலையில புடிச்சு, மேல இருந்து மூடினாங்க. கூடப் பொறந்தவங்க. அவ கத்தினது கேக்கக் கூடாதுன்னு மேளம் அடிச்சாங்க."

மேளக்காரர் கையை நிறுத்தவில்லை, அவருக்குக் கேட்டிருக்காது. கிட்ட இருந்தவர்களுக்குக் கேட்டது. பெரிய மாமா குனிந்தபடியே முகத்தை மட்டும் தூக்கி, என்ன சொல்லுது இந்தப் புள்ள என்று பொதுவாகக் கேட்டார். கலாமணி அண்ணியின் வாய் திறந்தபடி நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தான். அப்போது பாப்பா முழித்துக்கொண்டாள். முகம் சுருங்கி, சிவந்து, சத்தமே வராமல் ஒரு நீண்ட நொடி வாய் மட்டும் அகலத் திறந்தது, அந்த நொடியில் சுகந்தி செத்துப் பிழைத்தாள், பிறகு அழுகை வந்தது. கொட்டகைத் தகரம் அதிர்கிற மாதிரி வந்தது. சுருட்டிய முந்தானையோடு அத்தையின் கை பழக்கத்தில் நீண்டது. சுகந்தி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். வயசான கை, எலும்புதான், அதில் பலமே இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வேண்டாங்கத்தை. அழட்டும்."

அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடியிலேயே விட்டிருந்தாள். கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள், முந்தானை விரல்களிலிருந்து நழுவி மடியில் அவிழ்ந்தது. பாப்பா மூச்சு வாங்கி, மறுபடி அழுதாள், இன்னும் உரக்க. மேளக்காரர் எதையோ உணர்ந்து நிறுத்தினார், இப்போது அந்த ஒரு சத்தம்தான் காடு முழுக்க. கல்லின் மூலையில் நவநீதன் முதலில் தன் கைகளைப் பார்த்தான், அவை எங்கே இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தவன் மாதிரி. பெரிய மாமா, டேய் எடுக்காதடா, இன்னும் முடியல என்றார். அவன் ஒவ்வொரு விரலாக வெளியே எடுத்தான், நிமிர்ந்தான், கையில் ஒட்டிய மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். சுகந்தி பாப்பாவைத் தோளில் போடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை, ச்சு ச்சு சொல்லவில்லை. கல்லைப் பார்க்க நேராகத் தூக்கிப் பிடித்தாள்.